இருமிக் காட்டச் சொன்னவர்

"இருமலா? எங்க, இருமு பாப்போம்."

கேட்டவர் டாக்டர் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த என் மருந்துக்கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. கேட்கப்பட்டவன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்த இளைஞன். ஒரு இருமல் சிரப்பின் பெயரைத் தடங்கலில்லாமல் சொல்லி, இரண்டு பாட்டில் வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தான். இப்போது அவன் என்னைப் பார்த்தான். நான் அலமாரியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் லேசாக இருமினான்.

"இது ஒரு இருமலா? எங்க ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க வயித்துவலின்னு இதவிட நல்லா நடிக்கும். டாக்டர் சீட்டு இருக்கா? இல்லல்ல? போப்பா, போயி சுடுதண்ணி குடி."

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் போய்விட்டான். நானும் சிரித்தேன். அப்படிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் 'சாப்பாட்டு டீச்சர்' என்று கூப்பிடுவார்கள். தட்டும் கையுமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை ஒற்றைக் குரலில் வரிசையாக்கிப் பழகியவர். அந்தக் குரலுக்குத் தணியத் தெரியாது. காதோடு கேட்க வேண்டியதையும் தெருவுக்கே கேட்கும்படிதான் கேட்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புடவையில் சாம்பார் வாசனையோடு என் கடைக்கு வந்துவிடுவார். வந்ததும் வாடிக்கையாளர்களை வரிசையில் நிறுத்துவார். அதுவரை என் கடையில் வரிசை என்று ஒன்று இருந்ததே இல்லை.

இதில் பாவப்பட்டவர்களும் மாட்டிக்கொண்டார்கள். கௌரவமான ஒரு பெரியவர் என் பக்கமாகக் குனிந்து ரகசியமாக ஒரு களிம்பு கேட்டார்.

"மூலத்துக்கா ஐயா? மோர் குடிங்க. காரத்தக் கொறைங்க. குந்தி குந்தி வேல பாக்குறீங்களா?"

அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் போய்த்தான் களிம்பு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

இன்னொரு நாள் கண் சிவந்து ஒருவர் வந்து நின்றார். "என்னா தம்பி, கஞ்சாவா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அவர் ஒரு வங்கி அதிகாரி. வந்திருந்தது மெட்ராஸ் ஐ. டீச்சர் அருகில் போய் இமையை விரித்துப் பார்த்துத்தான் விட்டார். விளைவாக அடுத்த வாரம் அவரும் நானும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தோம். "என்னாக்கா, மப்டி டூட்டியா?" என்று ஆட்டோக்காரர்கள் கேலி பேசினார்கள். "ஆமாண்டா, ஒன்னதான் புடிக்க வந்திருக்கோம், வண்டிய எடு" என்றார்.

இனி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் அவர் ஏன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார் என்பது விளங்காது.

நான் சிதம்பரத்தில் மருந்தியல் படித்துப் பட்டம் வாங்கியவன். கோடீன் என்பது அபினின் வாரிசு, இருமலை அடக்குவதுபோலவே மூச்சையும் அடக்கும் என்பதை மாணவனாகப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். அதே கோடீன் கலந்த சிரப்பை, டாக்டர் சீட்டு இல்லாமல், காகிதத்தில் சுற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்கில் விற்றேன். கேட்டவர்களில் ஒருவர் அந்த அம்மாளின் தம்பி.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, முப்பதைத் தாண்டியவர். தாய் தகப்பன் இல்லை. அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா, அவ்வளவுதான் குடும்பம். குடிகாடு பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே ஷிப்டுக்குள் போகும்போது கேட்டில் செக்யூரிட்டி வாயை ஊதச் சொல்வார். சாராய வாசனை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அந்த ஊதலுக்குப் பயந்து சில தொழிலாளிகள் கண்டுபிடித்த வழிதான் சிரப். ஊதினால் சாராயம் நாறாது, பெப்பர்மின்ட் மணக்கும். வாசனை இல்லை என்றால் அது குடி இல்லை என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். மருந்துக்கடையில் கிடைப்பது எப்படிக் கெடுதலாகும் என்றும் கேட்டார்கள். அதற்குப் பதில் தெரிந்த நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தம்பி மரியாதையான மனிதர். "சார், ஒண்ணு குடுங்க சார்" என்று ஆரம்பித்தார். என் கண் முன்னாலேயே இளைத்தார். கண்ணின் பாப்பா கடுகு மாதிரி சுருங்கிப்போயிற்று. கையைச் சொறிந்துகொண்டே பேசுவார். மலச்சிக்கலுக்கும் என்னிடமே மாத்திரை வாங்கினார். ஒரு நாள் சிரப் கிடைக்காவிட்டால் கொட்டாவியாக விட்டு, மூக்கு ஒழுக, கால் குடைச்சலில் நிற்க முடியாமல் தவிப்பார். தூக்கமே இல்லை சார் என்றார். தூக்க மாத்திரையையும் நானே கொடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் தூங்குகிறவன் மூச்சு விடவே மறந்துபோகலாம். அதுவும் எனக்குத் தெரியும்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி கொண்டுபோன அக்கா எழுப்பியும் தம்பி எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எப்போதாவது ஒன்று, குறட்டைபோல. ஆட்டோவில் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் சிதம்பரத்துக்கு. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா என் கடைக்கு வந்தார். அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் கிடைத்த காலி பாட்டில்களை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து கவுண்டரில் கவிழ்த்தார். கடையில் நல்ல கூட்டம்.

"இத நீங்க வித்தீங்களா?"

"என்னம்மா இது... உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"உள்ள எதுக்கு? வித்தது வெளியதான? இங்கியே சொல்லுங்க."

"ஆமாம்மா" என்றேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் பாட்டில்களைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னா சாப்ட்டான்னு டாக்டரு கேக்குறாரு. இவன் வாயத் தொறக்க மாட்டேங்குறான். நீங்க படிச்சவரு, வந்து சொல்லுங்க. கெளம்புங்க."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று கேட்டதுதான் தாமதம். தம்பி என்ன குடித்தான், எப்படிக் கிடந்தான், விற்றவர் யார், இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே இவர்தான் என்பது வரைக்கும் சொல்லிவிட்டார். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பஸ் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கண்டக்டர் என்னிடம் டிக்கெட்டைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து நான் செய்ததற்கு அந்த அவமானம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனால் வார்டில் அந்த டாக்டர், "சிரப் மட்டும்தானா சார்? தூக்க மாத்திரை ஏதாவது?" என்று கேட்டபோது, "சிரப் மட்டும்தான்" என்று சொன்னேன். கடை லைசென்ஸ் கண் முன்னால் நின்றது. தம்பி கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. "தம்பிக்கு வலிப்பு வந்துடுச்சு. டாக்டருக்கே ஏன்னு புரியல" என்றார் அக்கா. எனக்குப் புரிந்தது. நாள்பட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும். டாக்டருக்குத் தெரிந்திருந்தால் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருப்பார். அவருக்குத் தெரியவிடாமல் செய்தவன் நான்.

ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன். டாக்டரிடம் எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை மாதமாக என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஊசி மருந்தை மாற்றினார். என்னைத் திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்" என்றார், அவ்வளவுதான்.

அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப முந்தாநாளு சொன்னது பொய்யா?"

"ஆமாம்மா."

"ஏன்?"

"பயம்."

வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சரி. உங்களத் தனியா விட்டா சரிப்படாது. இவன் தேறி வந்ததும் நான் உங்க கடையில வந்து குந்திக்கிறேன்."

அப்படி வந்ததுதான் அந்த ஸ்டூல்.

அந்த வார்டில் டாக்டர் நோயாளிகளின் குடும்பத்தாரை உட்காரவைத்து, போதைப் பொருட்கள் என்னென்ன, எது உடம்பை என்ன செய்யும் என்று விளக்குவார். அதை அக்கா சமையற்கட்டு பாஷையில் மாற்றி என் கடை வாசலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்குச் சொல்வார். "சாராயம், சிரப்பு, தூக்க மாத்திர இதெல்லாம் அடுப்ப அணைக்கிறது. ஒண்ணோட ஒண்ணு சேந்துச்சுன்னா பொசுக்குன்னு அணைஞ்சுடும். இன்னும் சிலது அடுப்ப ஜாஸ்தி ஏத்திவுடும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், தூக்கம் வராது, கடைசில அண்டாவே தீயும். கஞ்சா இருக்குதே, அடுப்பு எங்க இருக்குதுன்னே தெரியாது, பக்கத்து வூட்டுக்காரன் வெஷம் வெக்கிறான்னு தோணும். தின்னரு, பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன் இதெல்லாம் மோந்து பாக்குறானுவளே, அது அடுப்புல மண்ண அள்ளிக் கொட்றது. மூளையும் போவும், திடீர்னு நெஞ்சும் நிக்கும்."

"புகையில எதுல சேத்திக்கா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்.

"அது வெத்தலயோட சேத்தி. போ, சவாரி வருது பாரு."

ஏனென்றால் அவருடைய இடது கன்னத்துக்குள் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை ஒதுங்கியிருக்கும். டாக்டர் ஒரு முறை வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்திருப்பதைக் காட்டி, "இத விடணும்மா, இது புத்துநோய்ல போய் முடியலாம்" என்று சொல்லியிருந்தார். "விட்டுடுறேன் சார்" என்று புகையிலையை ஒதுக்கிக்கொண்டே பதில் சொன்னவர் அவர்.

தம்பி தேறி வேலைக்குப் போனார். சில மாதம் நன்றாக இருந்தார். பிறகு ஒரு மழைக்காலம். கையைச் சொறிந்துகொண்டு கடை வாசலில் வந்து நின்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அக்காவைக் கூட்டிப் போக வந்திருந்தார். நான் கண்ணைப் பார்த்தேன். மறுபடியும் கடுகு.

அக்காவும் பார்த்துவிட்டார். "எங்கடா வாங்கின?"

தம்பி பஸ் வருகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"கேக்குறேன்ல? எந்த ஊரு கடை? எத்தினி நாளா?" தெருவே திரும்பிப் பார்த்தது.

தம்பி அதுவரை அக்காவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார்: "எப்பப் பாத்தாலும் என்னியே ஊரக் கூட்டி வெச்சு கேக்குறியே, நீ மொதல்ல உன் வாயில இருக்கறத துப்பு. டாக்டரு எனக்கு மட்டுமா சொன்னாரு? உனக்கும்தான சொன்னாரு? துப்பிட்டு அப்புறம் என்னக் கேளு."

அக்காவின் முகம் சிவந்தது. அடிக்கப் போகிறார் என்று கவுண்டரைவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் எழுந்து தெருவோரம் போய்ச் சாக்கடையில் துப்பினார். இடுப்பில் செருகியிருந்த புகையிலைப் பொட்டலத்தையும் எடுத்து அதிலேயே எறிந்தார். என் கடைச் சொம்பில் தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்தார். கொப்பளித்துவிட்டு வந்து தம்பியின் முன்னால் வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

"துப்பிட்டேன். ஊரே பாத்துச்சு. இப்ப நீ சொல்லு."

தம்பி அழுதுவிட்டார். "சிதம்பரத்துல ஒரு கடை. பத்து நாளா" என்றார்.

மறுநாள் காலை மூன்று பேருமாக அந்த டாக்டரிடம் போனோம். "திரும்ப ஆரம்பிச்சுட்டேன் சார்" என்று தம்பியே சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. இது பலருக்கு நடக்கிறதுதான், திரும்பி வந்தீங்களே அதுதான் பெரிசு என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இத்தனை வருஷப் புகையிலையை விட்டதில் அக்காவுக்குத் தலைவலி, எரிச்சல், கை நடுக்கம். பள்ளிக்கூடத்தில் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார். பொட்டுக்கடலையாகத் தின்று தீர்த்தார். "இந்த எழவு இவ்ளோ கஷ்டமான்னு தெரியாமப் போச்சேண்ணே. இவன என்னா பேச்சு பேசியிருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். அன்றுதான் என்னை முதல் தடவையாக அண்ணே என்று கூப்பிட்டார். தம்பி வேலை முடிந்து வந்ததும் அக்காவைத் திண்டாட வைப்பார். "ஊது பாப்போம், வாய ஊது. ம், பொட்டுக்கடல வாசன. உள்ள போலாம்" என்பார். அக்கா அவர் கண்ணை இழுத்துப் பார்ப்பார். இப்படி ஒருவரை ஒருவர் சோதித்தபடியே அந்த வருஷம் போயிற்று, அடுத்த வருஷமும் போயிற்று. அக்காவின் கன்னத்தில் இருந்த வெள்ளைத் தடிப்பு மெல்ல மறைந்துவிட்டதாக டாக்டர் சொன்ன அன்று, பள்ளிக்கூடம் முழுவதற்கும் சர்க்கரைப் பொங்கல் போட்டார். எதற்கு என்று கேட்ட ஹெட்மாஸ்டரிடம், காரணத்தையும் வாயையும் சேர்த்தே திறந்து காட்டினாராம்.

என் கடைக்கு வரும் கூட்டம் குறைந்தது. நான் அதைப் பற்றிப் புகார் சொல்லக் கூடாதவன். எதிர்ச்சாரியில் இன்னொரு மருந்துக்கடை இருந்தது. என்னிடம் கிடைக்காத சிரப்புக்கு எல்லோரும் அங்கே போனார்கள். அக்கா ஒரு நாள் தெருவைக் கடந்து போய், "தம்பி, இந்தாளு இப்ப திருந்திட்டாரு. இனிமே இங்க எனக்கு ஜாஸ்தி வேலை இல்ல. நாளைலேருந்து ஸ்டூல உங்க கடைல போட்டுக்கட்டா?" என்று கேட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை அந்தக் கடையில் புத்தம்புதுப் போர்டு தொங்கியது: டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து தரப்படமாட்டாது. அக்கா அதைத் தெருவிலிருந்தே ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்தார். பஸ் ஸ்டாண்டில் கை தட்டினார்கள்.

நான் விற்ற மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. சில முகங்கள் நினைவில் இருக்கின்றன, பெயர் தெரியாது. அவர்களுக்கெல்லாம் இப்படி ஓர் அக்கா இருந்திருப்பாரா என்று யோசிப்பேன். அதை யோசிக்காமல் ஒரு நாளும் போனதில்லை.

தானே புயல் அடித்து ஓய்ந்த அடுத்த வைகாசியில், தம்பிக்குச் சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போனோம். தம்பிக்கு நாற்பது நெருங்கியிருந்தது. "நீங்களும் வாங்கண்ணே, எங்களுக்குப் பெரியவங்க யாரு இருக்கா?" என்று அக்கா கூப்பிட்டார். பெண் ஒரு நர்சரி பள்ளியில் ஆசிரியை. அவருக்கும் வயது கொஞ்சம் கடந்துவிட்டது. காபி கொடுத்துவிட்டு உள்ளே போகத் திரும்பிய அவரை அக்கா நிறுத்தினார்.

"உள்ள போவாதம்மா. குந்து. நீயும்தான் கேக்கணும். என் தம்பி இருமல் மருந்துக்கு அடிமையா இருந்தவன். தூக்க மாத்திரையும் போட்டான். செத்துப் பொழச்சான். விட்டான், திரும்ப ஆரம்பிச்சான், திரும்ப விட்டான். இப்ப இல்ல. யாரோ சொல்லி நாளைக்கு உங்களுக்குத் தெரிய வாணாம். நானே சொல்லிட்டேன்."

தம்பி தலையைக் குனியவில்லை. பெண்ணின் தகப்பனார் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"சாரு யாரு? மாப்பிள்ளைக்கு மாமாவா?"

குடும்ப நண்பர் என்று சொல்லலாம் என்று பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். பொய்யும் இல்லை அது. ஆனால் இதே ஊரில் ஒரு முறை பாதி சொல்லி நிறுத்தியவன் நான்.

"மருந்துக்கடைக்காரன்" என்றேன். "அந்த மருந்த அவருக்கு வித்தவன் நான்தான். மாத்திரையும் நான்தான் குடுத்தேன். டாக்டர் கேட்டப்ப மறைச்சேன், அதனால அவருக்கு வலிப்பு வந்துது."

யாரோ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தம்பியைக் கேட்டார்: "இப்ப ஆசை வருமா?"

"வரும்" என்றார் தம்பி. "எப்பவாவது. சளி புடிச்சா ஜாஸ்தி வரும். அப்ப அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"இனிமே என்கிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

பெண் தகப்பனார் பக்கம் திரும்பினார். "அப்பா, இதுவரைக்கும் வந்தவங்கள்ல ஒருத்தங்க வேலைய மறைச்சாங்க, ஒருத்தங்க வயச மறைச்சாங்க. இவங்க மறைக்கறதுக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கல. எனக்குச் சம்மதம்."

தகப்பனார் ஒரு நிமிஷம் மகளையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் கூடம் முழுவதும் பேச்சு கிளம்பியது. அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. தேங்காயும் பழமும் பூவும் வெற்றிலையும் வைத்த பித்தளைத் தட்டோடு தகப்பனார் எழுந்து நின்றார்.

"மாப்பிள்ள வூட்டுப் பெரியவரு யாரு? முன்னால வாங்க."

நான் சுவரோரமாக ஒதுங்கினேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"நான் வேண்டாம்மா" என்றேன். "வேற யாராவது..."

"வேற யாரு? அவன் விழுந்ததுலயும் நீங்க இருந்தீங்க. எழுந்ததுலயும் கூடவே இருந்தீங்க. இப்ப மட்டும் எங்க ஓடுறீங்க?" இதையும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "வாங்கண்ணே, அவுங்க நிக்கிறாங்க. தட்டு கனம். ரெண்டு கையாலயும் புடிங்க."

பிடித்துக்கொண்டேன்.